தொப்புளில் தெரிந்த குறி

அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில், செயின்ட் மேரி மருத்துவமனையில், 1890 முதல் 1915 வரை வில்லியம் மாயோவின் அறுவைத் துணைவராக இருந்தவர் சகோதரி மேரி ஜோசப் என்னும் துறவி. அறுவைக்கு முன் நோயாளியின் வயிற்றைக் கழுவித் தூய்மை செய்கையில், சிலருடைய தொப்புளில் கடினமான கழலையொன்று அவர் கைக்குத் தட்டுப்பட்டது. அத்தகையோரின் வயிற்றைத் திறந்தால், இரைப்பையிலோ வேறோர் உறுப்பிலோ தோன்றிய புற்று உள்ளே பரவியிருக்கும். மாயோ இதனை 1928இல் எழுதினார். 1949இல் ஹாமில்டன் பெய்லி அக்கழலைக்குச் சகோதரியின் பெயரையே சூட்டினார். அதற்குள் அவர் மறைந்து 10 ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவக் கலைச்சொற்களில் செவிலியர் ஒருவரின் பெயர் நிலைபெறுவது மிக அரிது.

இடது காறை எலும்பின் மேல் வீங்கும் நிணநீர்க் கணுவை வயிற்றுப் புற்றோடு தொடர்புபடுத்தி விர்கோ 1848இலேயே எழுதியிருந்தார். தமிழில் குறி என்னும் சொல் அடையாளத்தையும் வருவதுரைத்தலையும் ஒருங்கே சுட்டும். இவ்விரண்டும் முதற்பொருளில் மட்டுமே குறிகள். அவை தென்படும் வேளையில் அறுவைக்குப் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். உயிர்க்குறிப்பான்களின் வரலாற்றை, குறியின் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை எட்டும் முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

1965இல் கோல்டும் ஃபிரீட்மனும் பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ. என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். தேடல் உடலின் மேற்பரப்பிலிருந்து குருதிக்குள் நகர்ந்தது. இரைப்பைப் புற்றிலும் இப்புரதம் உயர்வதுண்டு. ஆனால் தொடக்கநிலை நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு உயர்வதில்லை. புகைபிடிப்போருக்கோ புற்று இல்லாமலே உயரும். ஆகவே சிகிச்சைக்குப் பின் நோய் மீள்கிறதா என்று கவனிப்பதற்கே அது பெரிதும் பயன்பட்டது. 2010இல் வெளியான டோகா ஆய்வு வேறொரு வகைக் குறியைத் தந்தது: ஹெர்2 புரதம் மிகுந்த முற்றிய புற்றில், கீமோதெரபியுடன் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 11.1 மாதங்களிலிருந்து 13.8 மாதங்களாயிற்று. முன்னுரைத்தல்தான். ஆயினும் அது மருந்து பலிக்குமா என்பது பற்றிய முன்னுரை, நோய் வருமா என்பது பற்றியதன்று.

இதை எழுதும் தொம்மலூரிலிருந்து ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் புற்றுநோய் நிறுவனம் வெகுதொலைவில் இல்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் 1982 முதல் பெங்களூரின் தரவுகளைத் திரட்டுவது அந்நிறுவனமே. சென்னை, பெங்களூர்ப் பதிவேடுகளில் இரைப்பைப் புற்று மும்பையைவிட மிகுதி. இந்நகரின் உயிரித் தகவலியல் நிறுவனத்தார் இந்நோயின் புரதங்களை ஆராய்ந்ததை இப்பின்னணியில் வைத்தே காண வேண்டும். 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, புற்றுச் செல்கள் வளர்ப்பு ஊடகத்தில் சுரந்துவிடும் புரதங்களை அளந்தது. வெளியே சுரப்பது குருதியிலும் கலந்திருக்கலாம் என்பது அதன் தருக்கம். இடர் யாதெனில், குருதிநீர்ப் புரதத்தில் பாதிக்கும் மேற்பட்டது ஆல்புமின். அவ்வெள்ளத்தில் ஒரு சிறு கட்டியின் சுரப்பைப் பிரித்தறிவது எளிதன்று. இன்றுவரை எந்தக் குருதிப் புரதமும் உள்நோக்கிக் குழாயையும் திசுப் பரிசோதனையையும் பதிலீடு செய்யவில்லை.