கள்ளிப்பூச்சி: ஒரு பெயராய்வு

உழவர்கரை என்னும் ஊர்ப்பெயர் உழவரை முன்னிறுத்துவது. பிரெஞ்சு ஆட்சியினர் அதனை ஊல்கரே என எழுதினர். வயல்களிற் பல மனைகளாகிவிட்ட அவ்வூரில் இன்று பயிர்க்காவல் பெரிதும் பூந்தொட்டியளவில் நிகழ்கின்றது. தொட்டிச் செம்பருத்தியின் கொழுந்தில் வெண்பஞ்சு அப்பினாற்போலத் தோன்றும் பூச்சியை மாவுப்பூச்சி என்பர். கள்ளிப்பூச்சி என்பாரும் உளர். முன்னைய பெயர் தோற்றம் பற்றியது, விளக்கம் வேண்டாதது. பின்னைய பெயர் எவ்வாறு வந்தது? செம்பருத்திக்கும் கள்ளிக்கும் யாது தொடர்பு? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

திருக்குறளின் உழவு அதிகாரம் பயிரைக் காத்தலை நீர் பாய்ச்சுதலினும் மேலாகக் கூறும். ஆயின் அக்காப்பிற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள், பட்டி முதலியவற்றால் அழியாமற் காத்தல் என்பதே. ‘முதலிய’ என்பதனுள் பூச்சியையும் அடக்கலாமெனின், அது நாம் உரையாசிரியர்க்கு வலிந்து தரும் சலுகையேயாம். ஆகவே இப்பெயரின் தோற்றத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

மெக்சிகோ நாட்டில் கள்ளியின்மீது வாழும் கொச்சினீல் பூச்சியினின்று எடுக்கப்பட்ட செஞ்சாயம், 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கையகத்திருந்த பெருஞ்செல்வம். சென்னையில் கும்பினி மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் அத்தொழிலை இங்கு நிலைநாட்ட முயன்றார். அதற்கெனக் கள்ளித்தோட்டமும் அமைந்தது. 1795இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குப் பூச்சியைக் கொணர, அது பின்னர்ச் சென்னையை எய்திற்று. வந்ததோ மெய்யான கொச்சினீல் அன்று; அதன் இனத்ததாகிய பிறிதொன்று. சாயம் தரத்தில் தாழ்ந்தது. பூச்சியோ கள்ளியின் சாற்றை உறிஞ்சிப் புதர்புதராக அழித்தது. சாயத்திற்கென வந்தது, 19ஆம் நூற்றாண்டிற் கள்ளியை ஒழிக்கும் கருவியாகவே தென்னாட்டிற் பரப்பப்பட்டது. அதற்கு அடங்காத சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து மற்றோர் இனம் வருவிக்கப்பட்டது.

இப்பூச்சிகளும் வெண்மெழுகு போர்த்துப் பஞ்சுபோல் அப்பிக் கிடப்பவையே. வேலிதோறும் கள்ளி வெளுத்து மடிந்ததைக் கண்ட மக்கள், அதனையொத்த பூச்சியைப் பிற செடிகளிற் கண்டபொழுதும் அப்பெயராலேயே அழைத்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். கள்ளிப்பாலின் வெண்மை பற்றி வந்த பெயர் எனின், அது சிறவாது; பால் ஒழுகுவது, இஃதோ பொடி.

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் அயல்நாட்டுப் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி ஆகியவற்றைப் பற்றிற்று. மெழுகுப் போர்வையால் மருந்து அதன் உடலிற் செவ்வனே படிவதில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டன. அவை பூச்சியின் உடலுள் முட்டையிடுவன. குஞ்சு உள்ளிருந்தே அதனை உண்டு வெளிப்படும். அவற்றுள் அசிரோபேகஸ் என்பதே பெரும்பணி ஆற்றிற்று. கள்ளியை அழிக்கப் பூச்சியை ஏவிய நாட்டில் பூச்சியை அழிக்கக் குளவி ஏவப்பட்டமை நோக்கத்தக்கது.

தொட்டிச்செடிக்குக் கடுநஞ்சு தெளிப்போர் இக்குளவிகளையும் கொல்கின்றனர். சிறுதொகையாயின் ஈரத்துணியால் துடைத்தலே போதும். மிகின், வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்புறத்தும் படத் தெளிக்கலாம். எறும்பின் வரிசையையும் நோக்குதல் வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிய நீரை விரும்பி எறும்பு அதனைக் குளவியினின்று காத்து நிற்கும். அந்நீர் படிந்த இலையிற் கரும்பூசணமும் படரும்.