பாடபேதமும் பதிப்பு வரலாறும்: காத்தான்குடியை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நூலின் பல பிரதிகளுள் எது முந்தியது, எதனை யார் மாற்றினார் என வினவுதல் தமிழியலுக்குப் புதியதன்று. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களோடு போராட நேர்ந்தது. ஏடெழுதியோர் தாம் மாற்றியதைக் குறித்துவைத்தாரல்லர்.

அக்குறிப்பைப் பொறியே வைத்துக்கொள்ளும் முறை 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் ஆக்கிய நிரலுடன் உருப்பெற்றது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் இன்று பெருவழக்கிலுள்ளது. ஆயின் இவை நிரலாளர் நிரலாளருக்கெனச் செய்தவை. கிளை பிரித்தலும் இணைத்தலுமான கட்டளைகளைக் கற்ற பின்னரே ஒரு வரியைத் திருத்தலாம் எனின், ஆசிரியரும் நெசவாளரும் வணிகரும் வேலிக்கு வெளியேதான் நிற்பர்.

அவ்வேலியைத் தாழ்த்தியது விக்கி. 1995இல் வார்ட் கனிங்காம் வெளியிட்ட இம்முறையிலே, பக்கத்தைத் திறந்து எழுதிச் சேமித்தல் போதும். பின்வந்த மீடியாவிக்கி ஒவ்வொரு பிரதியையும், திருத்தியவரின் பெயருடனும் நேரத்துடனும் தானே காத்துவைக்கின்றது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைப் பேண 2005இல் எழுந்த நூலகத் திட்டமும் இதன் மீதே கட்டப்பட்டவை.

இவ்வெளிமைக்கு ஒரு விலையுண்டு. மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே நெருக்கமாய்க் குடியமைந்த ஊர் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் இரவு அங்கே மீரா ஜும்ஆ, ஹுஸைனியா ஆகிய பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை 103 என்றும் 147 என்றும் இருவேறாக எழுதப்படுகின்றது. செய்தோர் விடுதலைப் புலிகள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிபு. அவ்வியக்கம் அதனை மறுத்தது. இத்தகைய பக்கத்தில் ஓர் எண்ணையோ ஒரு பெயரையோ மாற்றுதல், ஒற்றுப்பிழை திருத்துதல் போன்றே எளிது. பழைய பிரதி அழிவதில்லை என்பது மெய்யே. ஆனால் அது அடியில் கிடக்கும், மேலே தெரிவது இறுதியாகத் திருத்தியவரின் பிரதி மட்டுமே. (திருத்தத்துக்குக் காரணம் எழுதவென ஒரு சிறு பெட்டியும் உண்டு; பலர் அதனை வெறிதே விடுகின்றனர்.)

ஐயரவர்களோ கொள்ளாத பாடத்தையும் அதே பக்கத்தின் அடிக்குறிப்பில் வாசகர் கண்முன் வைத்தார். எளிமையை நாம் கைவிடவேண்டியதில்லை. எனினும் காத்தான்குடியின் இரு தொகைகளும், அவ்வவற்றுக்குரிய சான்றுகளுடன், பக்கத்தின் உடலிலேயே அருகருகே நிற்றல் வேண்டும் என்பது எமது துணிபு. 'வரலாறு' என்னும் பொத்தானை அழுத்திப் பார்ப்போர் மிகச் சிலரே.