நகப்பூச்சும் நச்சுக்காற்றும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வருவோர்க்கு முதலில் வாய்ப்பது, விரைவில் கற்கக்கூடிய கைத்தொழிலே. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியப் பெண்களின் வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கின்றது.

1975 ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. அகதிகளாகக் கடல் கடந்தோருள் சிலர், கலிபோர்னியாவின் தலைநகராகிய சாக்ரமென்டோவை அடுத்த ஒரு முகாமில் தங்கினர். அவர்களுக்கு உதவ வந்தவர் டிப்பி ஹெட்ரன் என்னும் திரைப்பட நடிகை. அவருடைய நகங்களின் அழகைக் கண்டு அம்மாதர் வியந்தனர். அவர் தம் நக ஒப்பனையாளரை வரவழைத்து, 20 பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்கச் செய்தார். அவர்களும் பின்வந்தோரும் அத்தொழிலைப் பற்றிக்கொண்டனர். கலிபோர்னியாவின் நக ஒப்பனைத் தொழிலாளருள் இன்று பெரும்பாலோர் வியட்நாமிய வழியினரே.

ஆயின், வாழ்வளித்த தொழிலே உடலையும் வாட்டியது. நகப்பூச்சுகளில் கலந்திருந்த பொருள்களுள் மூன்று குறிப்பாகத் தீயவை. டொலுவீன் தலைவலியும் மயக்கமும் தரும். பார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். டைபியூட்டைல் தாலேட் கருவுக்குத் தீங்கு செய்யும் என அஞ்சப்படுவது. வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருந்து செல்வார். தொழிலாளியோ காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுதும் அந்த ஆவியையே சுவாசிப்பார்.

ஓக்லண்டு நகரில் ஆசிய மக்களுக்கென நடைபெறும் மருத்துவ நிலையத்தின் முயற்சியால், 2005-இல் தொழிலாளரும் கடைக்காரரும் அறிஞரும் கூடிய கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. நச்சு குறைந்த பூச்சுகளையும் நல்ல காற்றோட்டத்தையும் கையாளும் கடைகளுக்கு அரசு நற்சான்று வழங்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2010-இல் சான்பிரான்சிஸ்கோ நகரமும், 2016-இல் கலிபோர்னியா மாநிலமும் இதற்குச் சட்டம் இயற்றின. 2020-இல் இயற்றப்பெற்று 2025-இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், ஒப்பனைப் பொருள்களில் பார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் உள்ளிட்ட 24 பொருள்களைத் தடை செய்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. அமெரிக்க மத்திய அரசின் தொழிற்பாதுகாப்புத் துறை, இத்தொழிலாளர்க்கான கையேட்டை ஆங்கிலத்தோடு நில்லாது வியட்நாமிய, கொரிய மொழிகளிலும் வெளியிட்டது. சாதாரண முகமூடி ஆவியைத் தடுக்காது என்னும் எச்சரிக்கை அதன் சாரங்களுள் ஒன்று. முகமூடி அணிந்ததால் காப்புற்றோம் எனக் கருதியிருந்த ஒரு பெண், இவ்வொரு வாக்கியத்தைத் தாய்மொழியில் படித்தால் எழுந்து சன்னலைத் திறப்பாள் அன்றோ!

புரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. அயலிடத்தில் உழைக்கும் நம்மவரும், தம் கையாளும் பொருளின் மேலுள்ள சிறு எழுத்தின் பொருளைக் கேட்டறியத் தயங்கலாகாது. கேட்பது இழிவன்று, அதுவே காப்பு.