ஜூரி

ஜூரி (பெயர்ச்சொல்): வழக்கைக் கேட்டு, எதிரி குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. அதன் உறுப்பினர் ஜூரர்.

சத்தியம் செய்தலைக் குறிக்கும் லத்தீன் வினையே இதன் வேர். பிரெஞ்சு, ஆங்கிலம் வழியே தமிழுக்கு வந்தது.

1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஜூரர்களைச் சீட்டுப் போட்டு எடுத்தனர். ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, ஆட்சேபம் உண்டா என்று எதிரியைக் கேட்டனர். அந்த ஜூரர் ஒருபக்கம் சாய்வார் என்ற ஐயமே ஆட்சேபத்துக்குப் போதுமான காரணம்.

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்ததைச் சொல்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகவே கூடாது.

சென்னையில் 1945இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் திரை நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையாயினர். பின்னர் வந்த 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் இருக்கவில்லை. தீர்ப்பவர் சார்பற்றவராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் எந்தச் சட்டத்திலும் நீங்கக் கூடாதது.