பாட்டியிடம் பேசுவது அவருடைய மூளைக்கு நல்லதா?

"பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் கைபேசியைப் பார்ப்பவரா நீங்கள்? இன்னும் பத்து நிமிடம் பேசினால் என்ன பயன்? தெரிந்துகொள்ளுங்கள்.

முதுமை மறதி எவ்வளவு பரவலானது?

மனநலக் கழகத்தின் 2023 ஆய்வுப்படி, சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 11 பேரில் ஒருவருக்கு டிமென்ஷியா எனும் முதுமை மறதி நோய் உள்ளது. 2013இல் அது 10 பேரில் ஒருவர்.

எல்லா இனத்தவருக்கும் ஒரே ஆபத்தா?

2008இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் ஆல்ஸைமர் நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

"அப்போ நம்ம ரத்தத்திலேயே இருக்கா?" என்று அவசரப்பட வேண்டாம். இங்கு இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம். அது மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும். இளவயதில் கிடைத்த கல்வியும் முக்கியம். இவற்றில் பல, மாற்றக்கூடியவை.

பேச்சுத் துணை எப்படி உதவுகிறது?

'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சமாளித்தால் கிட்டத்தட்ட 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. சமூகத்திலிருந்து ஒதுங்கி வாழ்வது அவற்றில் ஒன்று.

பேசும்போது நினைவு, கவனம், சொல்வளம் எல்லாமே வேலை செய்கின்றன. மருந்து சாப்பிட மறந்தால் கவனிக்கவும் ஆள் இருக்கும்.

ஆனால் பேச்சு மருந்தல்ல. மறதி தொடங்கியவர்கள் தாங்களாகவே ஒதுங்குவதும் உண்டு.

ஒரே வீட்டில் இருந்தால் போதுமா?

போதாது. தனியாக வாழ்வது வேறு, தனிமையில் வாடுவது வேறு. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினால், புரியாத பாட்டி அங்கேயே தனியாகிவிடுவார். உங்க தமிழ் அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை, பேசுங்க. திருத்துவதும் அவருக்கு ஒரு வேலைதானே!

நீங்கள் என்ன செய்யலாம்?

- "ஆமா, இல்லை" என்று முடியாத கேள்விகளைக் கேளுங்கள்: "நீங்க வேலைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்துச்சு?"
- தொலைக்காட்சிச் சத்தம் கூடிக்கொண்டே போகிறதா? காதைப் பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள். செவித்திறன் குறைவும் அந்த 14 காரணங்களில் ஒன்று.
- வட்டாரத்தில் மூத்தோருக்கான நடவடிக்கை நிலையம் இருந்தால், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.
- பழகிய பாதையில் வழி தவறுகிறாரா? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.