மலையோடைகளிற் குடியேறிய மீன்

தூண்டிலிட்டு மீன்பிடித்தல் நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் உணவு தேடும் முயற்சியே. குளிர்ந்த மலைநாட்டில் அதனைப் பொழுதுபோக்காக வளர்த்தோர் ஆங்கிலத் துரைமாராவர். தாயகத்து ட்றவுட் மீனை இங்கும் காண அவர்கள் விழைந்தனர். நீலகிரியில் 1863இல் பிரான்சிசு டே என்னும் மருத்துவர் அதனைக் குடியேற்ற முயன்று தோல்வியுற்றார். இலங்கையிலோ 1882இல் அம்மீனின் முட்டைகள் நுவரெலியாவுக்குக் கொணரப்பட்டன. 1896இல் மீன்பிடிக் கழகமும் தோன்றிற்று. பின்னர்க் கொணரப்பட்ட வானவில் ட்றவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இனம்பெருக்கி நிலைபெற்றது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அவ்வோடைகள் முன்னர் வெறுமையாகவா கிடந்தன? அன்று. அச்சமவெளியிலிருந்து நம் சப்பிரகமுவைக்கு இறங்கும் பெலிஹுல் ஓயாவின் மேற்பகுதியில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிற்றிறால் ஒன்று வாழ்கின்றது. ஊனுண்ணும் ட்றவுட்டின் வாய்க்கு அது எளிய இரை. துரைமாரின் கணக்கேட்டில் ட்றவுட்டுக்கு இடமிருந்தது, இறாலுக்கு இல்லை.

1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் கலவானையை அடுத்த சிங்கராச வனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இவ்வனத்து ஓடைகளில் இலங்கைக்கே உரிய சிறுமீன்கள் பல உள. அவை தூண்டிற்காரருக்குப் பெருமை தரா. ஆயினும் இம்மண்ணின் பழங்குடிகள் அவையே. விருந்தினரைப் போற்றி வீட்டாரை மறத்தல் அறமாகாது. மாணவர் ஓடைக்கரையிற் கற்கவேண்டிய வரலாறு இதுவே.