அமீர் அப்துர் ரஹ்மானும் பஷ்தூன் குடியேற்றமும்

ஆப்கானிஸ்தானின் வரலாற்றை எழுதுவோரிற் பலர், அதனைப் பஷ்தூன்கள் ஏனைய இனத்தவரை ஆண்ட கதையாகவே காட்டுவர். தாஜிக், உஸ்பெக், ஹஸாரா மக்கள் பட்ட இன்னல்களை நோக்குமிடத்து இக்கூற்றை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் பஷ்தூன்கள் என்னும் பெயர், ஒரே மனத்தோடு இயங்கிய ஓரினத்தைக் குறித்ததா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

பஷ்தூன் குலங்களுள் துர்ரானியரும் கில்ஸாயரும் நெடுங்காலப் போட்டியாளர். 1709 இல் காந்தஹாரிலே பாரசீக ஸபவி ஆட்சியை எதிர்த்தெழுந்து, 1722 இல் அவர்தம் தலைநகரான இஸ்பஹானையே கைப்பற்றியோர் கில்ஸாயர். 1747 இல் அஹ்மத் ஷா முடிசூடியதோடு ஆட்சி துர்ரானியர் கைக்கு மாறிற்று. 1929 இற் சில மாதங்கள் நீங்கலாக 1978 வரை அது அவர்களிடமே தங்கிற்று. இம்மன்னர்களின் அரசவை மொழியாக நெடுங்காலம் விளங்கியதோ பஷ்தூ அன்று, பாரசீகமே.

1880 இல் அரியணையேறிய அமீர் அப்துர் ரஹ்மான் கான் துர்ரானியருள் ஒருவர். வரியும் படையும் கொண்டு வலிய மத்திய ஆட்சியொன்றை நிறுவ முனைந்த அவரை எதிர்த்து 1886 இற் கில்ஸாயர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. கில்ஸாய்க் குடும்பங்கள் பல சொந்த நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டு, இந்துகுஷ் மலைக்கு வடக்கே அனுப்பப்பட்டன. அமீரின் அரசியல் நுட்பம் இங்கேதான் புலனாகிறது. தெற்கிலே கலகக்காரராயிருந்தோர், உஸ்பெக்கரும் தாஜிக்கரும் துர்க்மேனியரும் செறிந்த வடக்கிலே சிறுபான்மையினராயினர். சுற்றியிருந்தோர் அயலார், எல்லைக்கு அப்பாலோ ருஷ்யப் பேரரசு. தம்மைத் தண்டித்த அரசையன்றி அவர்களுக்கு வேறு துணையில்லை. நாளடைவில் அவர்களே வடக்கில் அவ்வரசின் தூண்களாயினர். சென்றோர் அனைவரும் தண்டனை பெற்றுச் சென்றவரல்லர். நிலம் நாடி விரும்பிச் சென்றோரும் உளர். ஆனால், அவர்கள் வருகையால் நிலமிழந்த உஸ்பெக் உழவனுக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டாய் இருந்திராது.

மத்திய மலைநாட்டு ஹஸாராக்கள்மீது 1891 முதல் 1893 வரை நிகழ்த்தப்பட்ட போர் இதனினும் கொடியது. அவர்களுட் பெரும்பாலோர் ஷியாக்களாதலின், சுன்னி மார்க்க அறிஞரின் தீர்ப்பைப் பெற்று அதனை மதப்போராக்கினார் அமீர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவரோடு பொருத கில்ஸாயரும் இப்போது அவர் பக்கம் நின்றனர். தோற்றவருட் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர்; அவ்விற்பனைமீது அரசு வரியும் அறவிட்டது. வேறு பலர் குவெற்றாவுக்கும் மஷ்ஹத்துக்கும் ஓடினர். அவர்களது மேய்ச்சல் நிலங்கள் கூச்சிகள் எனப்படும் பஷ்தூன் நாடோடிகளுக்கு வழங்கப்பட்டன. 1920களில், அமானுல்லாவின் ஆட்சியில், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. மேய்ச்சல் நிலப் பிணக்கு ஒழியவில்லை. 2008 இலும் பெஹ்சூத் பகுதியில் அதன்பொருட்டு ஹஸாராக்களும் கூச்சிகளும் மோதினர்.

வடக்கிலே சக்கரம் மறுபக்கம் சுழன்றது. 2001 இன் இறுதியில் தாலிபான்களின் முதலாவது ஆட்சி வீழ்ந்தபோது, அங்கிருந்த பஷ்தூன் கிராமங்கள் பல சூறையாடப்பட்டன. தாலிபான்களின் இனத்தவர் என்பதே அம்மக்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். ஆயிரக்கணக்கானோர் தெற்கே ஓடிக் காந்தஹார்ப் பகுதியின் முகாம்களை அடைந்தனர். அவர்களுட் சிலருடைய மூதாதையர், காபூல் அரசை எதிர்த்த குற்றத்துக்காகவே அவ்வடக்கிற்கு அனுப்பப்பட்டவர்கள்.